ஏழாம் மாடியின் ரயில் நிலையம்

லிஃப்ட் கதவில் 'பழுது' என்று ஓர் அட்டை தொங்கியது. மூக்குக்கண்ணாடிக் கடை இருப்பதோ நான்காவது மாடியில். கையில் புது ஃப்ரேம்கள் நிறைந்த பெட்டி. முணுமுணுத்துக்கொண்டே படியேறினாள் அவள்.

மூன்றாவது மாடித் திருப்பத்தில் ஒருவன் வழியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் கருவிப் பை. சட்டைக் கையெல்லாம் கிரீஸ். ஒரு கையில் பாதி தின்ற ரொட்டி, மறு கையில் ஃபோன். லிஃப்ட் மெக்கானிக் என்று பார்த்ததுமே தெரிந்தது.

வழிவிடச் சொல்ல வாயைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அவனுடைய ஃபோன் திரையில் அவளுடைய வீடு இருந்தது.

நிஜ வீடு இல்லை. ஊர் பேர் தெரியாத ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து, சின்னச் சின்னக் கட்டைகளை அடுக்கி ஒரு நகரத்தையே எழுப்பிக்கொண்டிருக்கும் இணைய விளையாட்டு அது. அதில் அவள் ட்ரெய்னி பில்டர். விளையாட்டுப் பெயர் 'தும்பி'. ட்ரெய்னி கட்டியதை, அவரைவிட ஒரு படி மேலே இருக்கும் பில்டர் ஒருவர் சுற்றிப் பார்த்துக் கருத்து எழுதுவார். அவர் சரி என்றால்தான் கட்டடம் நகரத்தில் நிற்கும். மூன்று கட்டடங்கள் தேறினால் ட்ரெய்னி பட்டம் கழன்றுவிடும். இரண்டு தேறியாயிற்று. மூன்றாவதுதான் இது... குன்றின் மேல், சுவரே இல்லாமல் முழுக்கக் கண்ணாடியால் அவள் கட்டிய வீடு.

அவன் ரொட்டியைக் கடித்தபடியே ஒற்றைக் கட்டைவிரலால் எழுதிக்கொண்டிருந்தான்.

'பார்க்க அழகா இருக்கு. ஆனா இந்த வீட்டுல யாரும் குடியிருக்க மாட்டாங்க.'

"ஏன்?" என்று கேட்டே விட்டாள்.

அவன் திரும்பினான். தூங்கி எழுந்தவன் போல அமைதியான கண்கள். திடுக்கிட்டதாகத் தெரியவில்லை.

"எது ஏன்?"

"ஏன் குடியிருக்க மாட்டாங்க?"

யார், எவர் என்றுகூடக் கேட்காமல், ஃபோனை அவள் பக்கம் திருப்பி விளக்க ஆரம்பித்தான். கதவைத் திறந்ததும் நேராக மாடிப்படி. வருகிறவர் நனைந்த குடையோடு எங்கே நிற்பார்? சமையலறை நடு வீட்டில் மாட்டிக்கொண்டிருக்கிறது, காற்றே வராது. படுக்கையறை தெருவைப் பார்த்து இருக்கிறது. போகிற வருகிறவர் எல்லாம் எட்டிப் பார்ப்பார்கள்.

"அது கேம்ங்க. அங்க யார் சமைக்கப் போறா?"

"அப்ப எதுக்குச் சமையலறை வச்சாங்க?"

அவள் முகம் சூடானது. அதைப் பார்த்ததும்தான் அவனுக்குப் பொறி தட்டியது.

"நீங்கதான் தும்பியா?"

பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு தலையை மட்டும் அசைத்தாள். அவன் எழுந்து ஓரமாக நின்றான். "நான் ஏழாம் மாடி" என்றான். விளையாட்டில் அவன் பெயர் அது. பிறகு, கொஞ்சம் தயங்கி, "இதை அனுப்பட்டுமா... வேணாமா?" என்று கேட்டான்.

அழித்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். அழிக்கவும் செய்திருப்பான். ஆனால் அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"எழுதினதை அனுப்புங்க. எனக்கு யார் தயவும் வேணாம்."

அனுப்பிவிட்டான்.

கடை அவளுடைய அண்ணனுடையது. அண்ணன் கண்ணைச் சோதிப்பார், அண்ணி வாடிக்கையாளரிடம் பேசுவாள், லென்ஸை அரைத்து ஃப்ரேமில் பொருத்துவது அவள் வேலை. அன்று மதியம் ஒரே லென்ஸை இரண்டு முறை தவறாக அரைத்தாள். அண்ணி அதைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள்.

லிஃப்ட் வேலை நாலு நாள் இழுத்தது. தினமும் படியில் அவனைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. முதல் நாள் சாயங்காலம் இறங்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டாம் நாள் அவனாகவே பேச்சுக் கொடுத்தான். லிஃப்ட் மெக்கானிக்குக்குப் படிக்கட்டைப் பற்றி என்ன தெரியும் என்று அவள் குத்தலாகக் கேட்டாள். லிஃப்ட் கெட்டுப்போன கட்டடங்களில் தினமும் படியேறுகிறவன் தான் ஒருவன்தான் என்று அவன் சொன்னபோது, சிரிப்பை அடக்க அவள் உதட்டைக் கடிக்க வேண்டியிருந்தது. சிரித்துவிட்டால் தோற்றதாகிவிடுமே...

மூன்றாம் நாள் அவன் கடை வாசலுக்கே வந்துவிட்டான்.

அவனும் ஒரு தேர்வை எதிர்நோக்கி இருந்தான். ஆறு வாரமாக ஒரு ரயில் நிலையம் கட்டியிருக்கிறானாம். அது தேறினால் மூத்த பில்டர் ஆவான். விதிப்படி ஒரு ட்ரெய்னியின் கருத்தும் அதற்கு வேண்டும். கருத்து எழுதக் கற்பதும் ட்ரெய்னியின் பயிற்சிதான். ஞாயிற்றுக்கிழமை கடைசி நாள்.

"நீங்களே பாத்துச் சொல்லுங்க. பொடிப்பொடி ஸ்க்ரூவோட வேலை செய்யுற கண்ணு. என் கண்ணுக்குத் தப்பினது உங்களுக்குத் தப்பாது."

சாயங்காலம் வீட்டில் சோபாவில் உட்கார்ந்து, ஃபோனில் அந்த நிலையத்துக்குள் நுழைந்தாள். குறை கண்டுபிடித்தே தீருவது என்றுதான் நுழைந்தாள். தூண் தூணாக, பெஞ்சு பெஞ்சாக நடந்தாள். சாரல் படாத பக்கமாகப் பெஞ்சுகளைத் திருப்பிப் போட்டிருந்தான். ஒவ்வொரு பெஞ்சுக்கும் பக்கத்தில் பெட்டி வைக்க இடம் விட்டிருந்தான். டிக்கெட் ஜன்னல் இரண்டு உயரத்தில் இருந்தது, குழந்தைக்கு ஒன்று, பெரியவர்களுக்கு ஒன்று. பாலத்தின் மேல் ஏறினால் தூரத்தில் கடல் தெரிந்தது. சரியாகக் கடல் தெரிகிற இடத்தில், கைகளை ஊன்றி நிற்க ஒரு குட்டைச் சுவர்.

யாருமே இல்லாத அந்த நிலையத்தில் யாரோ இப்போதுதான் எழுந்து போனது போல இருந்தது. அங்கிருந்து வெளியே வரவே அவளுக்கு மனமில்லை. அதுவே எரிச்சலாகவும் இருந்தது.

இரண்டே நிமிடத்தில் எழுதினாள்.

'தூண்கள் எல்லாம் ஒரே அச்சு. உயிரே இல்லை. பாலத்தால் மொத்த நிலையமும் சின்னதாகத் தெரிகிறது. அடியிலிருந்து திரும்பக் கட்டுவது நல்லது.'

ஒரு வரிகூட உண்மை இல்லை. அனுப்பிவிட்டாள். 'நன்றி. பார்க்கிறேன்' என்று உடனே பதில் வந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை லிஃப்ட் ஓட ஆரம்பித்தது. அவள் வருவதற்குள் அவன் வேலையை முடித்துவிட்டுப் போயிருந்தான். நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தாள். லிஃப்டில் ஏறும்போது படிக்கட்டுப் பக்கம் கண் தானாகப் போனது.

ஞாயிறு மதியம் விளையாட்டைத் திறந்தாள். ரயில் நிலையம் இருந்த இடம் வெறும் மண். தூண் இல்லை, பெஞ்சு இல்லை, பாலம் இல்லை. ஒரு மூலையில் கட்டைகளை ரகம் பிரித்து அழகாக அடுக்கி வைத்திருந்தான். கடல் மட்டும் அப்படியே இருந்தது.

அவன் கோபப்படுவான், சண்டைக்கு வருவான், நாலு வார்த்தை பதிலுக்கு எழுதுவான் என்றெல்லாம்தான் நினைத்திருந்தாள். நம்புவான் என்று நினைக்கவே இல்லை.

மன்னிப்புக் கேட்டு மூன்று முறை எழுதினாள். மூன்று முறையும் அழித்தாள். திங்கட்கிழமை கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து அண்ணியிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அண்ணி ஒரு ஃப்ரேமைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"நல்லா இருக்குன்னு தெரிஞ்சேதான் எழுதினியா?"

"ஆமா அண்ணி."

"அப்ப நேர்ல போய்ச் சொல்லு. எழுதினா நீ அழகா எழுதிடுவ. மூஞ்சியப் பாத்துச் சொன்னாத்தான் உனக்கும் உறைக்கும், அவருக்கும் புரியும்."

நேரில் என்றால் எங்கே போவது? அவன் பெயர்கூடத் தெரியாது. லிஃப்டுக்குள் ஒட்டியிருந்த புகார் எண்தான் கண்ணில் பட்டது. அழைத்தாள். லிஃப்டில் ஏதோ சத்தம் வருகிறது, போன வாரம் வந்தவரையே அனுப்புங்கள் என்றாள்.

மூன்று மணிக்கு அவன் வந்தான். வெளியே நல்ல மழை. தலைமுடியிலிருந்து சொட்டிய தண்ணீர் இமையில் நின்றது. துடைக்காமலே லிஃப்டுக்குள் போய்க் காதைச் சுவரில் வைத்துக் கேட்டான். அவளும் ஏறிக்கொண்டாள். மேலே போனார்கள், கீழே வந்தார்கள், மறுபடி மேலே போனார்கள்.

"சத்தம் எதுவும் கேக்கலையே."

"சத்தம் இல்ல. நான்தான் பொய் சொன்னேன்... கூப்பிடணும்னு."

அவன் நிமிர்ந்து பார்த்தான். அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டு சொல்வது கஷ்டமாக இருந்தது. ஆனாலும் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள்.

"உங்க ஸ்டேஷனைப் பத்தி எழுதினதும் பொய்தான். அதுல ஒரு குறையும் இல்ல. என் வீட்டைச் சொன்னீங்கங்கிற கோவம்... வேணும்னே எழுதினேன்."

லிஃப்ட் நான்காவது மாடியில் நின்றது. கதவு திறந்தது. ஆள் இறங்காததால் தானாகவே மூடிக்கொண்டது.

"நீங்க எழுதினதைப் படிச்சுட்டு ரெண்டு தடவ உள்ள சுத்தி வந்தேன்" என்றான் அவன், மெல்ல. "தூண்ல எனக்கு எந்தத் தப்பும் தெரியல. சரி, நமக்குத்தான் கண்ணு சரியில்லன்னு நெனச்சுக்கிட்டேன். உங்களச் சந்தேகப்படணும்னு தோணவே இல்லைங்க."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். இதைத் தாங்க முடியவில்லை. அடுத்த தேர்வு எப்போது என்று கேட்டாள். மூன்று மாதம் கழித்து என்றான். புகார்த் தாளில் 'பழுது இல்லை' என்று எழுதி, அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

அன்று சாயங்காலமே அந்த வெறும் மண்ணில் போய் நின்றாள் தும்பி. குறை தேடி அடி அடியாக நடந்தவள் அல்லவா, ஒவ்வொன்றும் மனதில் பதிந்திருந்தது. முதல் தூணை நட்டாள். அதிலிருந்து ஐந்து கட்டை தள்ளி இரண்டாவது. தினமும் ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை. கட்டக் கட்டத்தான் அவளுக்குப் புரிந்தது. அவன் ஒரு கட்டையைக்கூட அழகுக்காக வைக்கவில்லை. வரப்போகிற யாரோ ஒருவருக்காக வைத்திருந்தான். தன்னுடைய கண்ணாடி வீட்டில் அப்படி ஒருவரைக்கூட அவள் நினைத்துப் பார்க்கவில்லை.

நான்காம் நாள் பெஞ்சு போட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் ஏழாம் மாடி வந்து நின்றான். கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு பாலத்தின் முதல் கட்டையை எடுத்து வைத்தான்.

அதற்குப் பிறகு இருவருமாகக் கட்டினார்கள். முதலில் கட்டையைப் பற்றி மட்டும் பேசினார்கள். அப்புறம் அவனுடைய அம்மாவுக்கு லிஃப்டில் ஏறவே பயம் என்பது தெரிந்தது. அவளுக்கு இடியென்றால் பயம் என்பதும் தெரிந்தது. நடுவில் ஒரு வாரம் நிலையத்தை விட்டுவிட்டு, அவள் தன்னுடைய வீட்டைப் பிரித்துக் கட்டினாள். கதவுக்குப் பின்னால் குடை வைக்க ஓர் இடம், சமையலறைக்கு ஒரு ஜன்னல், தெருப் பக்கம் கெட்டியான சுவர். அவன் வேண்டுமென்றே கருத்து எழுதாமல் ஒதுங்கிக்கொண்டான். வேறொரு பில்டர் பார்த்துத் தேர்ச்சி தந்தார். ட்ரெய்னி பட்டம் போனது.

நிலையம் முடிந்த மறுநாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவன் கீழே வந்திருப்பதாக அண்ணி சொன்னாள். சொல்லிவிட்டு, தேவையே இல்லாமல் அவளுடைய துப்பட்டாவைச் சரிசெய்தாள்.

எதிர்ப்புறத் தேநீர்க் கடையில், தகரக் கூரையின் கீழ் உட்கார்ந்தார்கள். தூறல் விட்டு விட்டு விழுந்துகொண்டிருந்தது. அவன் சுற்றி வளைக்கவில்லை.

"எனக்கு உங்க கருத்து வேணும். இந்தத் தடவ நெஜமானது. எழுத வேணாம், வாயால சொல்லுங்க."

அவள் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"பாலத்துப் படி ஒரு கட்டை உயரம் ஜாஸ்தி. வயசானவங்களுக்கு முட்டி வலிக்கும்."

"சரி. மாத்திடலாம்."

"விளக்கெல்லாம் நடுவுல இருக்கு. பெஞ்சுல உக்காந்து படிக்கிறவங்க புத்தகத்து மேல அவங்க நிழலே விழும்."

"அது எனக்குத் தோணவே இல்ல." நிஜமாகவே யோசித்தான். "அப்புறம்?"

"மத்தபடி நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு. நான் பாத்ததுலயே..." நிறுத்திக்கொண்டாள். கூரையிலிருந்து ஒரு சொட்டு மேசையில் விழுந்து உடைந்தது. "இன்னொண்ணு இருக்கு. அது ஸ்டேஷனைப் பத்தி இல்ல."

"சொல்லுங்க."

"அதைக் கட்டினவரை எனக்குப் பிடிச்சிருக்கு."

சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு, கோப்பையிலிருந்து பார்வையை எடுக்கத் தைரியம் வரவில்லை. கடைசியில் நிமிர்ந்தாள். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். அந்த அமைதியான கண்களில் இதுவரை அவள் பார்க்காத ஒரு தடுமாற்றம் இருந்தது. காது மடல் இரண்டும் சிவந்திருந்தன.

அப்போதுதான் கவனித்தாள். கருவிப் பை இல்லை. கிரீஸ் இல்லை. இஸ்திரி போட்ட சட்டை.

"இன்னைக்கு வேலைக்குப் போகலையா?"

"லீவு போட்டுட்டேன்" என்றான். "இதையேதான் உங்ககிட்டச் சொல்லணும்னு காலையிலேர்ந்து கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பாத்துக்கிட்டு இருந்தேன்... நீங்க முந்திக்கிட்டீங்க."