பவளத்தின் அம்மா

“அம்மா, மாத்திரை போட்டியா?”

முக்காலியின் மேல் ஏறி நின்று தோசை ஊற்றிக்கொண்டே குழலி கேட்டாள். அவளுக்கு எட்டு வயது.

“போடணும் அம்முணி.”

“போடணும்னா? நேத்தும் இதேதான் சொன்னே. சாயங்காலம் தலை சுத்துதுன்னு படுத்துக்கிட்டே. டம்ளர்ல தண்ணி வெச்சிருக்கேன். முதல்ல அதைப் போடு.”

இளவேனில் மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். மேசைக்கு அடியில் அவளுடைய மகன் மித்ரன் ஒரு கால்சட்டையைத் தலையில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மூன்று வயது முடிந்தவன். அந்தக் கால்சட்டையைக் காலுக்குக் கொண்டுவர அவள் வெகு நேரமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

“சாமி, வெளிய வாடா. நேரமாச்சு.”

“நான் சாமி இல்ல. யானை.”

“சரி, யானை. வெளிய வாங்க யானை.”

“யானை ட்ரவுசர் போடாது.”

குழலி திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர்கள் சிரிக்கிற சிரிப்பு அது. இளவேனில் அதைக் கவனிக்கவில்லை. அவள் களைத்திருந்தாள்.

கோவையில் அப்போதெல்லாம் மூன்று வயதைத் தாண்டிய பிள்ளைகள் மேசைக்கு அடியில் உட்காருவதில்லை. முதிர்துயில் வந்த பிறகு அப்படித்தான். பஞ்சு போல மெல்லிய கனவுக்குல்லாயைத் தலையில் மாட்டி, குழந்தையை ஒரு வாரம் முதிர்துயில் நிலையத்தில் தூங்க வைப்பார்கள். வெளியே ஓர் இரவு கழிந்தால் குழந்தைக்கு உள்ளே சில ஆண்டுகள் கழியும். கனவில் காலம் சுருங்கும் என்பது எல்லோரும் அறிந்த சங்கதி. அந்தக் கனவை அறுந்துபோகாமல் ஒரு முழு வாழ்வாக நெய்யலாம் என்பதுதான் புதிய கண்டுபிடிப்பு. கடைசி நாள் விடியும்போது உள்ளே நடந்ததெல்லாம் மறந்துபோகும், வாழ்ந்த பக்குவம் மட்டும் தங்கும் என்று நிலையத்தார் சொன்னார்கள். எழுத்தும் கணக்கும் அதில் வராது. அதற்குப் பள்ளிக்கூடம் போய்த்தான் ஆகவேண்டும். ஆனால் பிள்ளைகள் நேரத்துக்குக் கிளம்பினார்கள். அடம் பிடிக்கவில்லை. கடையில் பொம்மையைப் பார்த்துத் தரையில் புரளவில்லை. ஊரில் பாதிப் பேருக்கு அதுவே பெரிய வரமாக இருந்தது.

குழலியை நான்கு வயதில் அனுப்பினார்கள். நிலா ஏன் நம்ம கூடவே வருது, மாடு ஏன் செருப்புப் போடறதில்லை என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டு போனவள், ஒரு வாரம் கழித்துத் தன் போர்வையைத் தானே மடித்து வைத்துவிட்டு எழுந்து வந்தாள். “ராத்திரி தூங்கலியாம்மா? கண்ணெல்லாம் செவந்திருக்குதே,” என்றாள். இளவேனில் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஆனந்தக் கண்ணீர் என்றுதான் நினைத்தாள். வீட்டுக்கு வந்து, சோற்றைப் பிசைந்துகொண்டு ஊட்டுவதற்காக உட்கார்ந்தபோது, குழலி தட்டை மெதுவாக வாங்கிக்கொண்டு, “நீ சாப்பிடும்மா, நான் பாத்துக்கறேன்,” என்றாள். பிசைந்த கையை என்ன செய்வது என்று இளவேனிலுக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுப் போய்க் கழுவினாள்.

ஆனாலும் குழலி தொந்தரவே இல்லாத பிள்ளையாக இருந்த தைரியத்தில்தான் இரண்டாவது பிள்ளை பிறந்தான். அவனோ தொந்தரவின் மொத்த உருவம். கணவன் பிரணவ் தாராபுரத்துக் காற்றாலைகளில் வேலை பார்த்தான். வாரத்துக்கு ஒரு நாள்தான் வீடு. இளவேனிலுக்கு நகரக் குடிநீர்ப் பகிர்வு நிலையத்தில் முறை மாறி மாறி வேலை. மாலையில் விளக்கேற்றி முருகனைக் கும்பிடும்போது அவள் பொன்னோ பொருளோ கேட்டதில்லை. ஓர் இரவு முழுத் தூக்கம் கேட்டாள். அதைக் கேட்கவும் அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

வருகிற திங்கட்கிழமை மித்ரனின் முறை. அந்த நாளுக்காக அவள் ஏங்கினாள். அதை நினைத்துப் பயப்படவும் செய்தாள். ஒரு வாரத்தில் யானை போய்விடும். அதன் பிறகு வரப்போகிறவன் மரியாதை தெரிந்தவனாக, நல்லவனாகத்தான் இருப்பான். ஆனால் அவனை அவள் வளர்த்திருக்க மாட்டாள்.

அன்று முதிர்துயில் நிலையத்தில் நேர்காணலுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். குழலியும் கூட வந்திருந்தாள். நிலையத்தின் ஆலோசகர் தினகர் இளைஞர், நன்றாகப் பேசுகிறவர்.

“வாங்கக்கா. போன தடவை அம்முணிக்குப் பொறுப்புதான் கேட்டிருந்தீங்க. தம்பிக்கும் அதேதானுங்களே?”

பொறுமை, தைரியம், பொறுப்பு என்று நிலையம் சில குணங்களைச் சொல்லி, எது முக்கியம் என்று பெற்றவரிடம் கேட்கும். “பொறுப்பு வந்துட்டாப் போதுங்க, மத்ததெல்லாம் தன்னால வரும்,” என்று குழலியின் நேர்காணலில் பிரணவ் சொல்லியிருந்தான். இவளும் தலையாட்டியிருந்தாள். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அதைத்தான் கேட்பார்களாம்.

“அதேதானுங்க,” என்றாள். மித்ரன் சன்னல் திரையில் தொங்கிக்கொண்டிருந்தான். அவன் மேல் ஒரு கண் வைத்துக்கொண்டே, பேச்சுக்காகக் கேட்டாள்: “பொறுப்பை எப்படிங்க குடுப்பீங்க?”

“அது மட்டும் சொல்லிக் குடுத்தா வராதுங்கக்கா. யாரையாவது வளர்த்தாத்தான் வரும். அதனால உள்ள ஒரு கைக்குழந்தையைக் குடுத்துருவோம். அதை வளர்த்து ஆளாக்கணும்.”

“குழந்தையையா?”

“கனவுதானுங்க. முழிச்சதும் மறந்துரும். இத்தனை வருசத்துல ஒரு பிள்ளைகூட ஞாபகம் இருக்குதுன்னு சொன்னதில்லீங்க.”

அப்போது திரைச்சீலை கம்பியோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. மித்ரன் மல்லாந்து விழுந்து வீறிட்டான். இளவேனில் எழுவதற்குள் குழலி அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துவிட்டாள். அவளுடைய சின்ன இடுப்புக்கு அவன் கனம். இருந்தும் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு எடையை மாற்றி மாற்றி மெல்ல ஆடினாள். அவன் முதுகில், தோள்பட்டைகளுக்கு நடுவே, உள்ளங்கையால் வட்டமாகத் தடவினாள். கண்களை மூடியிருந்தாள். தொண்டைக்குள் ஏதோ ஒரு முனகல், தாலாட்டும் இல்லாமல் பேச்சும் இல்லாமல். அவன் அழுகை அடங்கியது.

இளவேனில் பிள்ளைகளைத் தட்டிக்கொடுப்பாளே தவிர, ஒரு நாளும் அப்படித் தடவியதில்லை. பிரணவும் அப்படிச் செய்பவனில்லை. இந்த வீட்டில் யாரிடமும் குழலி அதைக் கற்றிருக்க முடியாது.

“நாங்க அப்பறம் வர்றோங்க,” என்று எழுந்துவிட்டாள்.

எதிரே ஒரு பேக்கரி இருந்தது. தேங்காய் பன் ஒன்றை வாங்கிக் கொடுத்ததும் மித்ரன் அங்கேயும் மேசைக்கு அடியில் போய்விட்டான். மேலே இரண்டு டீ.

“அம்முணி, உனக்கு ஞாபகம் இருக்குதா?”

“என்னதும்மா?”

“உள்ள நீ வளர்த்த குழந்தை.”

குழலி டீயை ஆற்றினாள். “அந்த ஆளு மூஞ்சியைப் பாத்தியா? கம்பி அவரு மண்டையில விழாம போச்சேன்னு உம் மகனுக்கு ரொம்ப வருத்தம்.”

“பேச்சை மாத்தாதே.”

“உன் டீ ஆறுதும்மா.”

“குழலி.”

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். நாற்காலியில் அவள் கால்கள் தரையைத் தொடாமல் தொங்கின. தெருவில் போன பேருந்துகளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “பவளம்னு பேரு,” என்றாள்.

மேசைக்கு அடியில் மித்ரன் தனக்குத்தானே ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தான்.

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“நான் முழிச்சு வந்தப்ப நீ என்னையக் கட்டிப் புடிச்சுட்டு அழுதே. அத்தனை சந்தோசமா இருந்தே. பெத்த தாய்கிட்டப் போய், எம் புள்ளை எங்கேன்னு எப்படிம்மா கேப்பேன்?”

“மத்த பிள்ளைங்களுக்கு?”

“எல்லாருக்கும் ஞாபகம் இருக்குது. எங்க கிளாஸ்ல ஆதவனுக்கு ரெண்டு பசங்க. பாவம், அவன் சோறே சரியா உண்றதில்ல. வீட்டுல சொல்லக் கூடாதுன்னு நாங்க யாரும் பேசி வெச்சுக்கல. சொன்னா நீங்க வருத்தப்படுவீங்க, அவ்வளவுதான்.”

நிலையத்தார் பொய் சொல்லவில்லை. ஒரு பிள்ளையும் வாய் திறந்ததில்லை. அவர்கள் கொடுத்த பக்குவம்தான் பிள்ளைகளின் வாயை மூடியது. அந்த மௌனத்தை மறதி என்று எல்லோரும் நம்பிக்கொண்டார்கள்.

‘கனவுதானே கண்ணு’ என்ற சொல் இளவேனிலின் நாக்கு வரை வந்தது. அதை விழுங்கிவிட்டாள். அவள் தன் வாழ்நாளில் செய்த நல்ல காரியங்களில் அதையும் சேர்க்கலாம்.

“யாரு சாயல்?” என்று கேட்டாள்.

குழலி நிமிர்ந்து பார்த்தாள். இந்தக் கேள்வியை யாராவது கேட்பார்கள் என்று அவள் எதிர்பார்த்திருக்கவே இல்லை.

“மூக்கு உன்னுது. கோவம் அப்பாவுது.”

“ஐயோ பாவம்.”

“பாவமா? நான்தான் பாவம். தட்டைத் தூக்கி வீசுவா.” சிரித்தாள். பிறகு சிரிப்பு மெல்லக் கரைந்தது. “பருப்பு சோத்துல நெய் ஊத்தி, கையில உருட்டி வெச்சாத்தான் உண்ணுவா. எனக்கு எந்நேரமும் வேலை. நீயா உண்ணு, நீயா உண்ணுன்னு விரட்டிட்டே இருப்பேன். ஒரு நாள் அவளா உண்டுட்டா. அப்பாடான்னுதான் இருந்துச்சு. அப்பறம் பிசைஞ்ச கையோட உக்காந்திருந்தேன்.” கொஞ்சம் தயங்கினாள். “அன்னிக்கு உங்கிட்டயிருந்து தட்டை வாங்கினப்ப எனக்குத் தெரிஞ்சுதான் இருந்துச்சும்மா. ஆனா நீ அத்தனை களைச்சிருந்தே.”

இளவேனிலால் அவளைப் பார்க்க முடியவில்லை.

“அப்பறம்?”

“அப்பறமென்ன, வளந்துட்டா. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள. கல்யாணம் முடிச்சு வண்டி ஏத்தி விட்டுட்டு, தெரு முனை வரைக்கும் பாத்துட்டே நின்னேன். விடிஞ்சுருச்சு. போர்வையை மடிச்சு வெச்சுட்டு வந்தேன்.”

இளவேனில் தன் நாற்காலியை இழுத்து மகளுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். “என் பேத்தியைப் பத்தி இன்னும் சொல்லு,” என்றாள்.

குழலி சொன்னாள். டீ இரண்டும் ஆறி ஆடை படியும் வரை சொன்னாள். கடைசியில், “தம்பிக்கு இது வேண்டாம்மா,” என்றாள்.

“வேண்டாம்.”

“ஆனா ஒண்டியா உன்னால முடியாது. ராத்திரி அவன் எங்கிட்டப் படுக்கட்டும். நான் பாத்துக்கறேன்.”

நீ குழந்தையடி, உனக்கு எதற்கு இந்தப் பாடு என்று இளவேனில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கேட்டுக்கொண்டிருந்த வரம் கையில் வந்து விழும்போது அதை மறுக்கிற அளவுக்கு அவளிடம் தெம்பில்லை.

திங்கட்கிழமை வந்தது, போனது. குழலி தம்பியைக் குளிப்பாட்டினாள், கதை சொன்னாள், நெய் ஊற்றி உருட்டி வைத்து ஊட்டினாள். ஒரு நாளும் அவனை விரட்டவில்லை. இளவேனில் இரவெல்லாம் தூங்கினாள். “ஆளைப் பாரு, பொண்ணு பாக்க வந்தப்ப இருந்த மாதிரியே ஆயிட்டே,” என்று பிரணவ் கேலி செய்தான்.

மழைக்காலம் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் பூங்காவுக்குப் போனார்கள். சறுக்கு மரத்தில் ஆளில்லை. ஊஞ்சல்களில் ஆளில்லை. பிள்ளைகள் பெஞ்சுகளில் அமர்ந்து தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். பெற்றவர்கள் சற்றுத் தள்ளிப் புல்தரையில், நன்றாக ஓய்வெடுத்த முகங்களோடு கைபேசி பார்த்தார்கள். அந்த இடம் முழுவதும் மித்ரன் ஒருவனே ஓடினான். ஓடி, படி தடுக்கி விழுந்தான்.

“அம்மா!”

இளவேனில் எழுந்து இரண்டு கைகளையும் விரித்தாள். முழங்காலில் ரத்தத்தோடு ஓடி வந்தவன் அவளைத் தாண்டிப் போய்க் குழலியின் மடியில் முகத்தைப் புதைத்தான். “அம்மா, வலிக்குது.”

குழலியின் கை அவன் முதுகுக்குப் போனது. பாதியில் நின்றது. அவள் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டாள். அப்படி அழைக்கப்படுவது என்ன என்றும், அந்த அழைப்பு இன்னொரு இடத்துக்குப் போவது என்ன என்றும் தெரிந்தவள் அவள். அவனுடைய தோள்களைப் பிடித்துத் திருப்பினாள்.

“அம்மா அங்க இருக்கறாங்க பாரு, சாமி. அங்க போ.”

இளவேனில் அவனைத் தூக்கிக்கொண்டு முழங்காலை ஊதினாள். குழலி வேறு பக்கம் பார்த்தபடி பாவாடையை நீவி விட்டுக்கொண்டிருந்தாள். நீவ வேண்டிய சுருக்கம் எதுவும் அதில் இல்லை. இளவேனில் நடந்து போய் மகனை அவள் மடியில் வைத்தாள்.

“கொஞ்ச நேரம் வெச்சுக்க அம்முணி. எனக்குக் கை கடுக்குது.”

கை கடுக்கவில்லை. குழலிக்கும் அது தெரியும். “குடும்மா,” என்று வாங்கி அணைத்துக்கொண்டாள்.

பக்கத்துப் பெஞ்சிலிருந்து, தலையைப் படிய வாரிய ஏழு வயதுப் பையன் ஒருவன் எழுந்து வந்தான். “உங்க பையனுங்களா?” என்று குழலியிடம் கேட்டான்.

“தம்பிங்க.”

“ஒரு நிமிசம் நான் வெச்சுக்கலாமுங்களா? எனக்கும் ஒருத்தன் இருந்தான். இவனாட்டத்தான், நிக்கவே மாட்டான்.”

பெஞ்சில் உட்கார்ந்து மித்ரனை மடியில் வாங்கிக்கொண்டான். அவன் உச்சந்தலையை முகர்ந்து பார்த்தான். வெகு நேரம் நிமிரவில்லை. மித்ரன் புண்ணைக் காட்டி விவரம் சொன்னான். பையன் தலையைக் குனிந்தபடியே உம் கொட்டினான். அவனுக்குப் பின்னால் ஒரு சிறுமி வந்து நின்றாள். பிறகு இரட்டையர் இருவர். பெஞ்சுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. யாரும் முண்டியடிக்கவில்லை. தங்கள் முறைக்காகப் பொறுமையாக நின்றார்கள்.

இருட்டத் தொடங்கியது. புல்தரையில் ஒரு பெண் எழுந்து கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, “போலாமா கண்ணு?” என்று குரல் கொடுத்தாள். முதல் அழைப்பிலேயே வந்துவிடுகிற பிள்ளைகள் அவர்கள்.

வரிசையின் நடுவில் நின்ற அவளுடைய மகள் திரும்பிக் காலைத் தரையில் உதைத்தாள். “இன்னும் அஞ்சு நிமிசம்மா! இன்னும் என் முறையே வரல! ப்ளீஸ்மா!”

புல்தரையில் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அந்தப் பெண் அசையாமல் நின்றாள். பிறகு கைப்பையைத் தோளிலிருந்து இறக்கிக் கீழே வைத்தாள்.

“சரி, சரி,” என்றாள் அவசரமாக. “பத்து நிமிசங்கூட இரு.”