குருவியின் தட்டு

கப்பலில் ஏறியதும் எங்கள் அறைக்கு ஆளுக்கொன்றாக மூன்று சாவிகள் கொடுத்தார்கள். மூன்றாவதை என் மனைவி வாங்கிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

எங்கள் மூன்று பேருக்குமாக என் மச்சான் வெகுநாள் முன்பே ஏற்பாடு செய்த பயணம் அது. நடுவில் பையன் காய்ச்சலில் போய்விட்டான். அவன் பெயரை எடுத்துவிடச் சொல்ல நானும் போனைக் கையில் எடுத்தேன், அவளும் எடுத்தாள். இருவராலும் முடியவில்லை. பெற்ற பிள்ளையின் பெயரை எடுத்துவிடுங்கள் என்று எந்த வாயால் சொல்வது?

வீட்டில் அவனைக் குருவி என்றுதான் கூப்பிடுவோம். கொறிப்பதோடு சரி. ஒரு வாய் சோற்றைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவன் அம்மா "முழுங்குடா, முழுங்குடா" என்று கெஞ்சிக்கொண்டிருப்பாள். வெளியே போனால் இன்னும் மோசம். ரொட்டியில் ஒரே ஒரு கடி. மேல் முன்பல் இரண்டும் விழுந்திருந்ததால் கடித்த இடத்தின் நடுவில் ஒரு மேடு மட்டும் நிற்கும். அதோடு சாப்பாடு முடிந்தது. பஞ்சாயத்தைக் கடைசியில் நான்தான் தீர்த்து வைப்பேன். "விடு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுக்கலாம்." அதைக் கேட்டதும் நாற்காலியிலிருந்து குதித்து என் விரலைப் பிடித்துக்கொள்வான்.

அப்படிப்பட்டவன் ஆஸ்பத்திரியில் கடைசி நாள் "பசிக்குதும்மா" என்று கேட்டான். வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவள் கொடுக்கவில்லை. அன்றிலிருந்து அவளும் சரியாகச் சாப்பிடவில்லை. இந்தப் பயணத்திலாவது அவள் வயிறு நிறையச் சாப்பிட்டால் போதும் என்றுதான் கிளம்பினேன்.

சாப்பாட்டுக்கு அந்தக் கப்பலில் என்ன குறை! நடுத்தளத்தில் பெரிய சாப்பாட்டுக் கூடம். அங்கே ஒவ்வொரு குடும்பத்துக்கும் பயணம் முடியும்வரை ஒரே மேசை. மேல்தளத்தில் வேண்டியதை நாமே எடுத்துக்கொள்ளும் பஃபே. பின்முனையில் கண்ணெதிரே சுட்டுக் கொடுக்கும் சின்ன உணவகம். எங்கும் போக மனமில்லையென்றால் போன் செய்தால் அறைக்கே வரும். நான் ஃப்ரிட்ஜ் பழுது பார்க்கிறவன். இத்தனையையும் எங்கே குளிர வைக்கிறார்கள் என்றுதான் என் புத்தி போயிற்று.

முதல் நாள் மாலை எங்கள் மேசையில் மூன்று தட்டுகள் இருந்தன. பரிமாறுகிறவர் நரைத்த மீசைக்காரர், மரியாதையான மனிதர். ஒன்றை எடுத்துவிடச் சொன்னேன். அவர் குனிந்து கரண்டியை எடுத்தார். என் மனைவி அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"இருக்கட்டும்."

அவர் என்னைப் பார்த்தார், புரிந்துகொண்டார். பதிவான நாற்காலிக்கு எல்லாம் வைத்துவிட வேண்டும், காலியான தட்டைத்தான் திருப்பி எடுக்க வேண்டும், அதுதான் இந்தக் கூடத்து வழக்கம் என்று மெதுவாகச் சொன்னார். அவளுக்காகச் சொன்ன சமாதானம் என்று நினைத்தேன். மூன்று கிண்ணம் சூப் வைத்துவிட்டுப் போனார்.

கண்ணாடிக்கு வெளியே கடல் கறுத்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பியபோது மூன்றாவது கிண்ணம் காலியாக இருந்தது.

அவள்தான் குடித்திருப்பாள் என்று எனக்கு ஒரே சந்தோஷம். மீன் வந்தது. அதுவும் போயிற்று. கோழி வந்தது. எலும்புகூட மிஞ்சவில்லை.

எலும்பு எங்கே போயிற்று என்று அப்போது யோசித்தேன். கேட்கவில்லை.

மறுநாள் மாலை திரிந்த பாலின் வாடை வந்தது. பூ வைத்திருந்த ஜாடியை நகர்த்திப் பார்த்தேன், துடைத்த மேசை விரிப்பை முகர்ந்தேன். அங்கெல்லாம் இல்லை. மூன்றாவது நாற்காலிப் பக்கமிருந்து வந்தது. கூடவே ஈரமாக ஒரு சத்தம், நாய்க்குட்டி கஞ்சி குடிப்பது போல.

பரிமாறுகிறவர் என் காதருகே குனிந்தார். "தம்பிக்கு இன்னும் கொஞ்சம் கொண்டு வரட்டுமா சார்? நல்லா சாப்பிடுறான். தலையைத்தான் நிமிர்த்த மாட்டேங்குறான்."

என் கையிலிருந்த முள்கரண்டி கீழே விழுந்தது.

என் மனைவியின் முகத்தில் அத்தனை நாளாக இல்லாத ஒரு வெளிச்சம். "கொண்டாங்க" என்றாள்.

நான் பேய்க்குப் பயந்த ஆளில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்தக் கூடத்துக்குள் அவளை விடவில்லை. மேல்தளத்துக்குக் கூட்டிப்போய் வெயிலில் உட்கார வைத்து, நானே இரண்டு தட்டு எடுத்து வந்தேன். வந்து பார்த்தால் மேசையில் ஏற்கெனவே ஒரு தட்டு, மலைபோல் குவித்து, பாதி தின்றபடி. அவள் இடத்தை விட்டு எழவேயில்லை என்று சத்தியம் செய்தாள். சுட்டுக் கொடுக்கும் இடத்தில் சமையல்காரர் கேட்காமலே மூன்றாவது துண்டைப் போட்டார். அறையில் அடைந்து கிடந்தோம். அங்கேயும் மூடி போட்ட தட்டு மூன்று வந்தது.

அவள் தன் பங்கையும் அதற்கே தள்ளிவிட்டாள். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, வெறும் இடத்துக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். வெறும் இடம் வாங்கிக்கொண்டது.

மெலிந்துகொண்டே போனாள். வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. கையைப் பிடித்துப் பார்த்தேன். ஊட்டுகிற விரல்கள் எல்லாவற்றிலும் பல் பதிந்திருந்தது. சின்னப் பற்கள், நெருக்கமாக, வரிசை முழுசாக.

முழுசாக.

கடைசி மாலை எங்கும் போகாதே என்று சொல்லியும் அவள் பெரிய கூடத்துக்கே கிளம்பிவிட்டாள். பின்னால் ஓடினேன். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பதைக்கூடப் பொருட்படுத்தாமல் அந்த நாற்காலிக்கு முன்னாலேயே சொன்னேன்.

"இது அவன் இல்ல. நம்ம பையன் எங்க இப்படித் தின்னான்? ஒரு கடி கடிச்சுட்டு வச்சுடுவான். அவனுக்கு முன்பல்லே கிடையாதுடி, உன் விரலைப் பாரு."

அவள் அழவில்லை. விரலைப் பார்த்தாள். பிறகு தணிந்த குரலில் சொன்னாள். "தெரியும். முதல் நாளே தெரியும்."

"அப்புறம் ஏன்?"

"பசிக்குதுன்னு கேக்குதுங்க. அன்னிக்கு அவன் கேட்டப்போ நான் குடுக்கல."

பக்கத்தில் மெல்லும் சத்தம் நின்றிருந்தது. யாரோ காதுகொடுத்துக் கேட்பது போல அந்தப் பக்கம் ஒரே அமைதி. அதை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை கப்பல் கரையைத் தொட்டுவிட்டது. இறங்குவதற்கு முன் காலை உணவு பெரிய கூடத்தில்தான். சாப்பிட்டுவிட்டு அவளை இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டால் சனியன் இந்தக் கப்பலோடு போகட்டும் என்று கணக்குப் போட்டிருந்தேன். நல்ல வெயில். ரொட்டி, வெண்ணெய், பால். மூன்றாவது தட்டு நிறைந்தே இருந்தது. வாடை இல்லை, சத்தமும் இல்லை.

"சாப்பிட மாட்டேங்குறான்" என்றாள் அவள். "கொஞ்சம் பாருங்களேன்."

பார்த்தேன். ரொட்டியில் ஒரே ஒரு கடி. கடித்த இடத்தின் நடுவில் ஒரு மேடு நின்றது.

என் குருவி. இத்தனை நாள் எவன் எவனோ வந்து தின்றுவிட்டுப் போயிருக்கலாம், இப்போது வந்திருப்பது என் குருவி. முந்தின மாலை அதன் முகத்துக்கு நேராக நானே என்னென்ன சொல்லிக் கொடுத்தேன் என்பது சுத்தமாக மறந்துபோயிற்று. பெற்ற வயிறு மட்டும்தான் ஏமாறும் என்று யார் சொன்னது?

இறங்கச் சொல்லி அறிவிப்பு வந்தது. அவள் ரொட்டியைப் பிய்த்து நீட்டியபடி கெஞ்சிக்கொண்டிருந்தாள். எத்தனை தடவை இப்படிப் பார்த்திருப்பேன்! வாய் தானாகவே சொல்லிவிட்டது.

"விடு. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுக்கலாம்."

நாற்காலி பின்னால் நகர்ந்தது.

சில்லென்று ஒன்று என் விரலைப் பிடித்துக்கொண்டது.

வாசலில் பரிமாறுகிறவர் நின்றிருந்தார். வணக்கம் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "இன்னைக்கு நிமிர்ந்து பார்த்தான் சார்" என்று மட்டும் சொன்னார். என்ன பார்த்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். ஆஸ்பத்திரிக்குப் பிறகு முதல் சமையல். மூன்று தட்டு வைத்தோம். மூன்றாவது அப்படியே கிடந்தது. "குருவி குருவிதான்" என்றேன். அவள் வாய்விட்டுச் சிரித்தாள், அவளும் நான்கு வாய் சாப்பிட்டாள். எங்கள் வீட்டுக்கு உயிர் திரும்பிவிட்டது என்று நம்பிக்கொண்டு தூங்கினேன்.

காலையில் பால்காரர் மணியடித்து எழுந்தேன். திரிந்த பால் வாடை கூடம் வரை இருந்தது. ஃப்ரிட்ஜ் கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஒரு பருக்கை இல்லை. அரிசி டப்பா, பருப்பு டப்பா, உப்பு ஜாடி, எல்லாம் கழுவிக் கவிழ்த்தது போல். சாப்பாட்டு மேசைமேல் ஒரு ரொட்டித் துண்டை மட்டும் எனக்குத் தெரிகிற மாதிரி விட்டு வைத்திருந்தது. கடித்த இடத்தில் மேடு இல்லை. பல்வரிசை முழுசாக இருந்தது.

பக்கத்தில் குருவியின் தட்டு பளபளவென்று நக்கி வைத்திருந்தது.

அதற்குள் அவள் வளையல் கிடந்தது.

படுக்கையறைக்கு ஓடினேன். அவள் என்னைப் பார்த்தபடிதான் படுத்திருந்தாள். மூச்சு இருந்தது. முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது, ஆனால் குழந்தைக்குப் பாலூட்டி முடித்தவளைப் போல ஒரு நிறைவு. வலது கை போர்வைக்குள் இருந்தது.

"அதுக்குப் பசி அடங்கிடுச்சாடி?" என்று எப்படிக் கேட்டேனோ தெரியாது.

"எனக்கு இனிமே முடியாதுங்க" என்றாள். "உங்களைத்தான் கூப்பிடுறான்."

போர்வையை விலக்கக் கை நீட்டினேன். நீட்டிய கையின் விரலை, சில்லென்று, அது பிடித்துக்கொண்டது.