கோட்டின் கீழே ஒரு பெயர்

அந்த நாட்குறிப்பில் முதல் நாள் எண்ணியபோது இருபத்தொரு கோடுகள் இருந்தன. மறுநாள் இருபத்திரண்டு.

கரோலின் தன் கண்ணைத்தான் குறை சொல்லிக்கொண்டாள். கனடாவின் ஸ்காபரோவில், பதினான்காம் மாடி அப்பார்ட்மெண்டில் இருந்தபடி, ஒரு நூலகத்துக்காகப் பழைய கையெழுத்துகளைக் கணினியில் பார்த்துத் தட்டச்சு செய்வது அவள் வேலை. இந்த நாட்குறிப்பு நூற்றைம்பது வருடங்களுக்கு முன் வாழ்ந்த ஒரு புகழ்பெற்ற ஆங்கில நாவலாசிரியரின் மனைவி எழுதியது. கணவரின் நாவல்களைப் பாதிக்குமேல் எழுதியவள் அவள்தான் என்பது வாசிக்க வாசிக்கத் தெரிந்தது. பக்கத்துக்குப் பக்கம் அடியில் தன் பெயரை எழுதியிருந்தாள். ஒவ்வொன்றின்மேலும் யாரோ தடித்த கறுப்புக் கோடு இழுத்திருந்தார்கள். வெட்டியதையும் விடாமல் எடுத்தெழுதுவது வேலையின் விதி. எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தும் பெயர் பிடிபடவில்லை.

"அவளை நினைக்கப் பாவமாக் கிடக்கு," என்றாள் காலையில்.

கணவர் கிளிபோட் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தார். "அது அந்தக் காலம். இந்த முறை உம்மடை பேரும் அட்டையிலை வருது. புத்தகப் பெட்டி இண்டைக்கு வரும், பாரும்."

மேடையேறினால் பெண்விடுதலை பேசுவார். எல்லாம் ஊருக்கு உபதேசம். அவருடைய மூன்று நாவல்களையும் எழுதியவள் கரோலின். மூன்று வெளியீட்டு விழாவிலும் பொன்னாடை அவருக்கு, விளக்கேற்ற ஒரு திரி அவளுக்கு. நாலாவதில் பெயர் வரும் என்ற ஒரே ஆசையில்தான் அவள் இவ்வளவு காலமும் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் பனி கொட்டத் தொடங்கியது. ஜன்னல் வெளுத்து, எதிர்க் கட்டடம் மறைந்து, ஹீற்றர் விட்டுவிட்டு முனக, அந்த முனகலுக்கு அடியில் கடுதாசியில் பேனா உரசுவதுபோல மெல்லிய சத்தமொன்று அறையைச் சுற்றி வந்தது. கூடவே, வியர்த்த கையில் பிடித்த பழைய சாவியின் இரும்பு மணமும். வீட்டில் மைப்பேனா கிடையாது.

கதவடியில் பெட்டி வைத்திருந்தார்கள். சமையல் கத்தியால் கிழித்தாள். அட்டையில் கிளிபோட்டின் பெயர். அதன் கீழே தடித்த கறுப்புக் கோடு.

தொட்டாள். விரலில் மை.

இரண்டாவது புத்தகம். கோடு. மூன்றாவது. கோடு.

கடுதாசி ஒன்றில் தன் பெயரை எழுதிப் பார்த்தாள். எழுதி முடிக்குமுன் அதன்மேலும் கோடு விழுந்தது.

வீட்டுப் போனை எடுத்து அவருக்கு அடித்தாள்.

"ஹலோ? ஆர் கதைக்கிறது?"

"நான்தான். இஞ்சேருங்கோ, கெதியா வாங்கோ."

"ஹலோ?" பிறகு, பக்கத்தில் யாரிடமோ அவர் சொல்வது கேட்டது: "வீட்டு நம்பர்தான். ஆனா வீட்டிலை ஒருத்தரும் இல்லையே."

லைன் அறுந்தது.

கணினியில் நாட்குறிப்பு திறந்தபடி கிடந்தது. இருபத்திரண்டாவது கோடு மெலிந்திருந்தது. அதன் அடியில் எழுத்துத் தெரிந்தது. தமிழ். அவளுடைய கையெழுத்து. கரோலின்.

கத்தினாள். சத்தம் வரவில்லை.

சுவர்க் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள். வாய் இருந்த இடத்தில் தடித்த கறுப்புக் கோடு. மை இன்னும் காயாமல் நாடியில் வழிந்தது.

பேனா உரசும் சத்தம் காதுக்குப் பக்கத்தில் வந்தது. அடுத்த கோடு இடது கண்ணின் ஓரத்தில் தொடங்கியிருந்தது.