புதிதாகப் பூசிய தூண்கள்

காலையில் ஒழுங்காக மூடிய படுக்கையறைக் கதவு, சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு மூட மறுத்தது. பவானேஸ்வரி தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தாள். மேல்விளிம்பு சட்டத்தில் இடித்துக்கொண்டு நின்றது. மழையில் மரம் உப்பியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மூன்று நாளாகப் பத்து பெரண்டாம் வட்டாரத்தில் மழை விட்டபாடில்லை. அவள் வீடு இருந்த ஏழாம் மாடிவரை ஈரத்துணி வாடையும் சாக்கடை வாடையும் ஏறி வந்து, திரைச்சீலையிலும் தலையணையிலும் ஒட்டிக்கொண்டு போக மாட்டேன் என்றன.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. தூக்கத்தில் யாரோ பல்லைக் கடிப்பது போல, சுவருக்குள்ளிருந்து, விட்டுவிட்டு வந்தது. சுவரில் காதை வைத்தாள். நின்றுவிட்டது. காதை எடுத்ததும் மறுபடி தொடங்கியது.

பன்னிரண்டு நாளைக்கு முன் சுமத்ரா பக்கம் நிலம் குலுங்கியபோது, இந்த ஒன்பது மாடிக் கட்டடம் அரை நிமிடம் படகு போல ஆடியது. எல்லோரும் செருப்பில்லாமல் கீழே ஓடினார்கள். இந்த பிளாட்டின் பராமரிப்பு மேற்பார்வையாளர் அவள் கணவன் வடிவேலுதான். டார்ச் அடித்து, கட்டடத்துக்கு அடியிலுள்ள கார்பார்க் தூண்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பூச்சுதான் விட்டிருக்கு, வேற ஒண்ணும் இல்ல" என்றான். இரண்டு நாள் கழித்து அவனே சிமெந்து குழைத்து நான்கு தூண்களையும் பூசினான். வேறு யாரையும் கிட்டே விடவில்லை. அவளுக்கு அது பெருமையாக இருந்தது. லிஃப்ட்டில் யார் கேட்டாலும், "என் வீட்டுக்காரரே பார்த்துட்டாரு லா. நானே இங்கதானே இருக்கேன்" என்று சொன்னாள். பாச்சாங்கில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகப் பெட்டி கட்டிய எதிர்வீட்டு பௌசியா, அந்தப் பேச்சை நம்பித்தான் பெட்டியைப் பிரித்தாள்.

சத்தம் இப்போது தரையிலிருந்தும் வந்தது. வடிவேலுவை அழைத்தாள். மணி அடித்து ஓய்ந்தது. மூட்டுவலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்ள அலோர் காஜாவில் மகள் வீட்டுக்குப் போயிருந்த மாமியார் அன்னம்மாவை அழைத்தாள்.

"அத்தை, அவரு அங்க வந்தாரா? போன் எடுக்க மாட்டேங்கிறாரு."

"நீ இன்னும் அந்த வீட்லயா இருக்க?"

"வேற எங்க இருப்பேன்?"

மறுமுனையில் தொலைக்காட்சியின் சத்தம் குறைக்கப்பட்டது. பிறகு கிழவியின் குரல் தாழ்ந்தது. "தூணைப் பார்த்துட்டுப் போன அந்த இன்ஜினியர் கடுதாசி வந்த அன்னிக்கே என்னைக் கூட்டிட்டு வந்துட்டான்மா. தூணு உள்ளுக்குள்ள நொறுங்கிப் போச்சாம். ஆளுங்கள வெளியாக்கிட்டு, சுத்தி இரும்புத் தகடு போட்டு இறுக்கணும்னு எழுதியிருக்காங்க. இவன் அதுக்கு முன்னாடியே எல்லாம் நல்லா இருக்குன்னு கையெழுத்துப் போட்டுட்டானாம். வெளிய தெரிஞ்சா ஜெயிலுக்குப் போயிடுவேன்னு அழுதான்."

"என்னை ஏன் கூட்டிட்டு வரல?"

"நீ கிளம்பினா எல்லாரும் கிளம்பிடுவாங்களாம். அப்புறமா கூட்டிட்டு வரேன்னான். நான் கேட்டேன் பவானி, சத்தியமா கேட்டேன்."

போனைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை. தண்ணீர் பம்ப் தகராறு என்று சொல்லி வடிவேலு ஒன்பது நாளாக மேலே வந்து படுக்கவில்லை. கட்டடத்துக்கு வெளியே, வாயிலருகே இருந்த காவலாளி அறையில்தான் படுக்கை. சோறும் குழம்பும் கட்டி, போர்வையை மடித்து, இவளேதான் கொண்டுபோய்க் கொடுத்தாள். "பாவம், உடம்பைப் பார்த்துக்குங்க" என்று வேறு சொல்லியிருந்தாள். அவன் தலை குனிந்தபடி வாங்கிக்கொண்டான். பதினான்கு வருடக் கல்யாணம்.

அலமாரியில் கண்ணாடித் தம்ளர்கள் ஒன்றோடொன்று உரசி மணிபோல் ஒலித்தன.

தரை நழுவியது. சுவர் முனகியது. பவானேஸ்வரி கதவைத் திறந்துகொண்டு ஓடினாள்.

"பௌசியா! பிள்ளையைத் தூக்கிட்டு வா! கீழ வா!"

ஒவ்வொரு மாடியிலும் கதவுகள் திறந்தன. இருண்ட படிக்கட்டில் ஈரச் சிமெந்தின் வாடை தொண்டையை அடைத்தது. படிகளில் மாவு தூவியதுபோல் வெள்ளைத் தூள். அதில் வெறுங்கால்கள் வழுக்கின. யாரோ அழுதார்கள். யாரோ கலிமா சொன்னார்கள். அவள் கீழே வந்து சேர்வதற்குள் ஆட்டம் நின்றுவிட்டது.

கார்பார்க்கில் நான்கு தூண்களையும் நீல கேன்வாஸ் சுற்றிக் கயிற்றால் கட்டியிருந்தது. கூரைக்கு வெளியே, கொட்டும் மழையில், குடை பிடித்தபடி வடிவேலு நின்றான். கூரைக்கடியில் ஓர் அடிகூட வைக்கவில்லை.

"தூணு உடைஞ்சிருக்கு!" அவள் கத்தினாள். "இன்ஜினியர் கடுதாசி வந்திருக்கு, இவரு மறைச்சிட்டாரு! யாரும் மேல போகாதீங்க!"

கயிற்றைப் பிடித்து இழுத்தாள். ஈரக் கயிறு இறுகியது. அப்போது வடிவேலு குடையைப் போட்டுவிட்டு உள்ளே வந்தான். பின்னாலிருந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். அவன் விரல்கள் ஐஸ் போல இருந்தன. முகம் மட்டும் சிரித்தது.

"பயந்துட்டா. மூணு நாளா காய்ச்சல், தூக்கம் இல்ல. பெயிண்ட் காயலன்னு மூடி வெச்சிருக்கேன், அவ்வளவுதான். ஆபத்துன்னா நான் இங்க நிப்பேனா?"

அவன் தூணுக்குப் பக்கத்தில் நிற்பதை எல்லோரும் பார்த்தார்கள்.

"பௌசியா, நீ நம்பாத" என்றாள் பவானேஸ்வரி.

ஆறு வயது சாலிஹா குளிரில் நடுங்கிக்கொண்டு தாயின் இடுப்பில் இருந்தாள். பௌசியா குழம்பிப்போய்ப் பார்த்தாள். "அக்கா, நேத்துகூட ஒண்ணும் ஆகாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"எனக்குத் தெரியாது! அப்ப எனக்குத் தெரியாது!"

அந்தக் கூச்சலில் குழந்தை வீறிட்டது. இரண்டொருவர் தயங்கிப் பிறகு தலையை ஆட்டிக்கொண்டார்கள். பள்ளிவாசலில் மக்ரிப் பாங்கு ஒலித்தது. மழை இன்னும் வலுத்தது. ஒரு குடும்பம் படியேறியது. அதன் பின்னால் இன்னொன்று. பௌசியா மகளோடு லிஃப்ட்டுக்குள் நுழைந்தாள். அவளோடு ஏழெட்டுப் பேர்.

வடிவேலு மனைவியை இழுத்துக்கொண்டு பின்னுக்கு நகர்ந்தான். ஓர் அடி. இன்னோர் அடி. கூரையைத் தாண்டி, மழைக்குள். அவள் அவன் கையைக் கடித்தாள். அவன் விடவில்லை. காதருகே அவன் மூச்சு சுட்டது.

"உன்னை வெளிய கொண்டாந்துட்டேனே, பவானி. உன்னைக் கொண்டாந்துட்டேனே."

கத்த வாயைத் திறந்தாள். அவன் உள்ளங்கை மூடியது.

லிஃப்ட் கதவு மூடியது. மேலே சிவப்பு எண் மாறியது. இரண்டு. மூன்று. நான்கு.

கேன்வாஸின் அடியிலிருந்து வெள்ளைத் தூள் சத்தமில்லாமல் வழிந்தது.

ஐந்து. ஆறு.

எண் அங்கேயே நின்றது. உள்ளே, மிக உயரத்தில், பல கைகள் ஒன்றாக இரும்புக் கதவைத் தட்டத் தொடங்கின. மாடி மாடியாக வீடுகளில் விளக்குகள் எரிந்தன. கீழே, நீலத் துணி, யாரோ உள்ளிருந்து மூச்சை விடுவதுபோல், மெல்ல மெல்ல வெளிப்பக்கமாகப் புடைத்தது.