முப்பத்தொன்றாம் வரி

வீட்டைச் சோதிக்க வந்த பியூலா மொட்டைமாடியில் வலையை விரித்தாள். வீட்டின் நான்கு மூலைகளிலும் மண்ணுக்குள் ஆளுயர ஊசிகளை இறக்கினாள். ஊடுநோக்கி என்பது அவ்வளவுதான். வானத்திலிருந்து ஓயாமல் விழும் விண்துகள்கள் வலைக்குள் நுழைந்து, கூரையையும் சுவரையும் கடந்து, ஊசிகளை எட்டும். வழியில் எதில் எவ்வளவு தடுமாறின என்று கருவி எண்ணும். எந்தக் கம்பி துருப்பிடிக்கிறது, எந்தக் குழாயில் சுண்ணாம்பு படிகிறது, எது எந்த ஆண்டு கைவிடும் என்பதெல்லாம் வரிவரியாக வந்துவிடும். வாங்குபவர், விற்பவர் இரு தரப்பையும் உட்காரவைத்து ஒவ்வொரு வரியையும் வாசிக்க வேண்டும் என்பது சட்டம். பாளையங்கோட்டையில் இப்போது அந்த அறிக்கை இல்லாமல் ஒரு மாட்டுத்தொழுவம்கூடக் கைமாறுவதில்லை.

செண்பகராமனுக்கு இது பதினைந்தாவது வீடு. பதினான்கும் விலை படியாமல் போனவை. ஐம்பத்தாறு வயது, முப்பது வருட வாடகை வாசம். இந்த வீட்டுக்காரர் வைத்திலிங்கம் மட்டும்தான் பாதிப் பணத்தை இப்போதும் மீதியைப் பதினைந்து ஆண்டுத் தவணையிலும் வாங்கிக்கொள்ளச் சம்மதித்திருந்தார். அந்தப் பாதியிலும் பதினெட்டு லட்சம் துண்டு விழுந்தது. அறிக்கையில் வரும் குறைகளுக்கான தொகையை அந்தப் பாதியிலேயே கழிப்பதாகப் பேச்சு; அப்படித்தான் பதினெட்டையும் குறைத்தாக வேண்டும்.

எல்லோரும் தெருவில் போய் நிற்கும்படி பியூலா சொன்னாள். மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. புதன்கிழமை. வீடு பேச வந்த இடத்தில் ராகு காலத்தில் படியிறங்குவதா என்று வைத்திலிங்கம் தயங்கினார். செண்பகராமனும் எழுந்திருக்கவில்லை. அவன் மனைவி காந்திமதி, நீங்க பாட்டுக்குப் பாருங்கம்மா என்று சோபாவில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள். ஆடாமல் இருந்தால் போதும், ஆட்களைக் கருவி கழித்துவிடும் என்றாள் பியூலா. நாற்பது நிமிடம் மூவரும் புகைப்படத்துக்கு உட்கார்ந்ததுபோல் உட்கார்ந்திருந்தார்கள்.

பிறகு அவள் படத்தைத் திறந்தாள். கூடத்தின் நடுவே, காற்றில், வீடு நின்றது. சுவர்கள் கண்ணாடியாகிவிட்டன. தூண்களுக்குள் கம்பிகள் பச்சையாக ஒளிர்ந்தன. தண்ணீர் நீலக் கொடியாக மாடி ஏறியது. நிலைப்படிக்குள் கரையான் குடும்பம் ஒன்று, ஒரு சிட்டிகை வெளிச்சமாக உறங்கியது. பதினான்கு முறை பார்த்தவன்தான். ஆனாலும் செண்பகராமனுக்கு வாய் திறந்துகொண்டது.

“இந்தத் துகளு நம்ம மேலயும் விழுமாம்மா?” என்று கேட்டான்.

“உள்ளங்கைய நீட்டுங்க சார். ஒரு நிமிசத்துக்கு நூறு போகும். என்னைக்கோ வெடிச்ச நட்சத்திரம் அனுப்பினது.”

அவன் கையைக் கொஞ்ச நேரம் நீட்டியபடியே வைத்திருந்தான். பிறகு மடக்கிக்கொண்டு பேரத்துக்கு வந்தான்.

மாடிக் கைப்பிடிக்கு நாற்பதாயிரம். சமையலறைத் தளத்துக்கு ஒரு லட்சம். நிலைப்படிக்கு எழுபதாயிரம். வைத்திலிங்கம் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். முப்பதாம் வரி முடிந்தபோது பதினான்கு லட்சம் குறைந்திருந்தது. இன்னும் நான்கு வேண்டும்.

பியூலா அடுத்த வரியை வாசித்தாள். கூடம், கிழக்குப் பக்கம். குழாய். சுண்ணாம்பு அடைப்பு நூற்றுக்கு எண்பத்தைந்து. நாற்பது நாளில் முழுவதும் அடைபடும்.

செண்பகராமன் நிமிர்ந்தான். நாலு லட்சம் என்றான். கூடத்தில் குழாயே கிடையாது என்றார் வைத்திலிங்கம். மறைத்து விற்கப் பார்க்கிறார் என்று செண்பகராமனுக்குக் குரல் ஏறியது. பெரியவருக்கு முகம் சிவந்துவிட்டது. கடப்பாரை கொண்டுவரச் சொல்கிறேன், தரையை உடைத்தே பாருங்கள் என்றார்.

பியூலா கையிலிருந்த திரையில் அளவுகளைப் பார்த்தாள். இன்னொரு முறை பார்த்தாள்.

“தரையில இல்ல சார். தரையிலிருந்து மூணடி மேல. சுவத்துலயும் இல்ல.” செண்பகராமன் உட்கார்ந்திருந்த நாற்காலியை நிமிர்ந்து பார்த்தாள். “எலும்பையும் சதையையும் கழிக்கத்தான் இதுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கு. குழாய்க்குள்ள சுண்ணாம்புன்னா அது வீடுன்னு நெனச்சுக்கிடும்.”

படத்தைப் பெரிதாக்கினாள். கம்பிகளுக்கும் நீர்க்கொடிக்கும் நடுவே இலையில்லாத ஒரு சிறு மரம் தலைகீழாகத் தொங்கியது. அதன் ஒரு கிளை நுனியில் வெள்ளையாக ஒரு முடிச்சு. சற்றுத் தள்ளி இன்னும் இரண்டு மரங்கள். செண்பகராமன் மூச்சை இழுத்தான். பயம் பிறகுதான் வந்தது. முதலில், இவ்வளவு அழகான ஒன்றை இத்தனை வருடம் சட்டைக்குள் வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறோமே என்றுதான் தோன்றியது.

காந்திமதி அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் இதயக்குழாய் அடைப்பை ஒரே நாளில் எடுத்துவிடுவார்கள், இன்றே போங்கள் என்றாள் பியூலா. போகலாம் என்றான் அவன். ஆனால் எழவில்லை. பதினைந்தாவது வீடு.

“அண்ணாச்சி, பத்திரத்த இவ பேருலயே போட்டுருவோம். எனக்கு எப்படியோ.”

வைத்திலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கூச்சத்தோடுதான் பேசினார்.

“தம்பி, நான் வீட்டக் கொடுக்கேன். நீங்க பதினஞ்சு வருசத்தக் கொடுக்கீங்க. என் சாமான நீங்க உரசிப் பாத்தாச்சு. ஒங்க சாமான நானும் ஒரு தடவ பாக்கணும்லா. முப்பத்திரண்டாம் வரி ஒங்க வீட்டம்மாவோடதுன்னா, வாசிக்கச் சொல்லுங்க.”

ஒவ்வொரு வரிக்கும் விலையைக் குறைத்தபோது, நியாயம்தானே என்று முப்பது முறை செண்பகராமனே சொல்லியிருந்தான்.

காந்திமதிதான் பேசினாள். “வாசிக்கட்டும் அண்ணாச்சி. ஆனா பதினஞ்சு வருசம் கொடுக்க நாங்க இருக்கணும்னா, வாங்கிக்கிட நீங்களும் இருக்கணுமே. முப்பத்திமூணையும் சேத்தே வாசிக்கட்டும்.”

பெரியவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“சட்டப்படி எல்லா வரியையும் வாசிச்சுத்தான் ஆகணும்” என்றாள் பியூலா. “யாரோடதுல ஆரம்பிக்க?”

அவள் கை திரைமேல் நின்றது. மூன்று மரங்களும் லேசாக, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல், துடித்துக்கொண்டிருந்தன. மற்ற இரண்டில் எது யாருடையது என்று பார்த்துச் சொல்ல முடியவில்லை.