ரயில் ஏறிய தேவகி

இசைவேடு என்னும் மின்புத்தகத்தின் ஓரத்தில் விரல் வைத்ததும் அது படிப்பவரின் நாடியைப் பிடித்துக்கொள்ளும். சலிப்புத் தட்டினால் அத்தியாயம் சுருங்கும். மனம் எதற்கு ஏங்குகிறதோ, கதை அந்தப் பக்கம் திரும்பும். பதிப்பாளர் என்று யாரும் கிடையாது. எழுதியவரே காலையில் ஏற்றினால் மாலைக்குள் ஊர் முழுக்கப் படித்துவிடும், ஆளுக்கொரு முடிவோடு. படித்து முடித்த கதை அவரவர் ஏட்டில் அப்படியே நிலைத்துவிடும்.

தென்காசியில் பல் மருத்துவராக இருந்த செண்பகவடிவு தன் நாவல்களை இப்படித்தான் வெளியிட்டார். முன்பு பதிப்பகங்கள் அவருக்குப் பதில்கூடப் போட்டதில்லை. இப்போது குறை சொல்ல ஒரு வாசகரும் இல்லை. சந்தோஷமாகத்தான் இருந்தார். தான் எழுதியதை அப்படியே படித்தவர் ஒருவராவது இருப்பாரா என்று மட்டும் எப்போதாவது தோன்றும்.

ஒருநாள் தூத்துக்குடித் துறைமுகத்தில் பளுதூக்கி ஓட்டும் அமலன் அவரைத் தேடி வந்தார். பல்லைக் காட்ட வரவில்லை. அமலனின் ஏட்டில், நாவலின் நாயகி தேவகி வெளியூர் வேலையை உதறிவிட்டுக் கணவனோடு நிம்மதியாக இருந்துவிடுகிறாள். மனைவி பிரிசில்லாவின் ஏட்டைக் தவறுதலாக எடுத்துப் படித்தபோதோ, தேவகி வீட்டில் சொல்லாமல் ரயில் ஏறிப் போயிருந்தாள்.

"என் வீட்டுக்காரிக்கு மட்டும் ஏன் டாக்டரம்மா இப்படி எழுதுனீங்க?"

"நான் எழுதல தம்பி. என் கதையில தேவகி ஸ்டேஷன் வரைக்கும் போயி, ரயில விட்டுட்டு நிக்கா. ஏத்திவிட்டது உங்க வீட்டம்மா மனசு."

அமலன் எழுந்து போனார். வீட்டில் மனைவியிடம் கேட்டார். பிரிசில்லா முதலில் மழுப்பினாள். பிறகு, கொச்சியில் கப்பல் வடிவமைப்புப் படிக்க இடம் கிடைத்ததையும், கல்யாணம் நிச்சயமானதால் அதை விட்டதையும் சொன்னாள். அடுத்த ஆண்டே கொச்சிக்குப் போனாள். வழியனுப்பியது அமலன்தான். தனக்கு இப்போது மீன்குழம்பு வைக்கத் தெரியும் என்று மருத்துவருக்குச் செய்தியும் அனுப்பினார்.

அமலன் இதைத் துறைமுகத்தில் எல்லோரிடமும் சொல்ல, செய்தி பரவியது. கணவனும் மனைவியும் ஏடுகளை மாற்றிப் படித்தார்கள். சில வீடுகளில் பேச்சு வந்தது, சில வீடுகளில் சண்டை வந்தது. பெண் பார்க்கப் போனவர்கள் ஜாதகத்தோடு ஏட்டையும் கேட்டார்கள். வேலைக்கு எடுப்பவர்களும் கேட்கத் தொடங்கியதும் ஜனங்கள் உஷாரானார்கள். துடிப்பு ஏறாமல் படிக்கத் தெருவுக்குத் தெரு நாடியடக்கப் பயிற்சி நிலையங்கள் முளைத்தன. நாடி எதையும் சொல்லாவிட்டால் ஏட்டுக்கும் வேறு வழியில்லை. ஆசிரியர் எழுதியதையே காட்டும்.

இப்படியாக, செண்பகவடிவின் புதிய நாவலை ஆயிரக்கணக்கானோர் ஒரு வரிகூட மாறாமல் படித்தார்கள். அவருக்குத் தலைகால் புரியவில்லை. வாசகர் கூட்டத்துக்கு லட்டு வாங்கிக்கொண்டு போனார். எந்த இடம் மனதைத் தொட்டது என்று ஆசையாகக் கேட்டார்.

முன்வரிசைப் பெண் பெருமையோடு எழுந்தாள்.

"எந்த இடமும் இல்ல மேடம். கடைசிவரைக்கும் ஒரு துடிப்புகூட ஏறல."