கணப்புக்கு மேலே ஒரு புயல்

"அந்தப் படத்தைப் பாத்து ஒயில் பெயின்ட் பழகலாமா சேர்?"

"தாராளமா பழகு. ஆனா... ஒரு கோடுகூட பிசகக் கூடாது!"

மூன்று மாதத்துக்கு முன் தேயிலைத் தோட்டத்துத் துரை ஜெயகாந்தன் சிரித்துக்கொண்டே சொன்ன வார்த்தை.

அந்தச் சிரிப்பின் அர்த்தம் சுதர்ஷினிக்கு இன்றைக்குத்தான் விளங்கியது.

பங்களா வாசலில் பொலிஸ் ஜீப்!

அதில் ஏற்றப்பட இருந்தவள்... அவளுடைய அம்மா! பங்களாச் சமையல்காரி நாகலெட்சுமி.

"நூத்தம்பது வருஷத்துப் படம் இன்ஸ்பெக்டர்!"

கூடத்தில் குளிர்காயும் கணப்புக்கு மேலே துரை கை நீட்டினார். தங்க நிறச் சட்டத்துக்குள் புயல் மேகம், இடிந்த தேவாலயம், மலையடியில் தனியாக ஒரு மனிதன்.

"கம்பெனிச் சொத்து. அசலைக் கிளப்பிட்டு, மக வரைஞ்ச நகலை மாட்டி வச்சிருக்கா. பங்களாச் சாவி இவகிட்டதான்!"

இன்ஸ்பெக்டர் ஜூட்சன் திரும்பினார்.

"ஏம்மா, அசல் எங்க?"

"சாமி சத்தியமா தெரியாதுங்கய்யா..."

"ஐயா, ஒரு நிமிஷம்!"

சுதர்ஷினி படத்தருகே ஓடினாள். உற்றுப் பார்த்தாள்.

திடுக்கிட்டாள்!

"ஐயா... இதுதாங்க அசல்!"

துரை வாய்விட்டுச் சிரித்தார்.

"ஆத்தாளைக் காப்பாத்தக் கதை விடுறா!"

"கதை இல்லீங்க. என் படத்துல ஒரு தப்பு இருக்கு. தேயிலையையே பாத்து வளந்த கண்ணுல்ல... மலையடிப் புதரையெல்லாம் கொழுந்து பறிச்ச மாதிரி மேல மட்டமா வரைஞ்சு தொலைச்சுட்டேன். இதைப் பாருங்க... புதரு கன்னாபின்னான்னு வளந்து கெடக்கு!"

ஜூட்சன் மூக்கு இடிக்குமளவு குனிந்தார்.

"ஆமா... அப்ப உன் படம்?"

"இந்தச் சட்டத்துக்குள்ளதாங்க இருந்துச்சு. நம்ம பனிக்கு பெயின்ட் லேசுல காயாது. கணப்புச் சூட்டுல காயட்டும்னு யாருக்கும் சொல்லாம என்னோடத இங்க மாட்டிட்டு, அசலை நான் வரையிற ஸ்டோர் ரூம்ல வச்சேன். ஸ்டோர்ல இருந்தத நகல்னு நெனச்சு யாரோ மாத்தியிருக்காங்க. அவங்க தூக்கிட்டுப் போனதுதான்... என் படம்!"

"ஐயோ! அப்ப கொழும்புக்காரன்கிட்ட நான் குடுத்தது..."

துரையின் வாய் பாதியில் நின்றது.

நின்று என்ன பயன்!

ஜூட்சன் நிதானமாகக் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார்.

"நிறுத்தாதீங்க சேர். அவன் பேரையும் சொல்லிட்டா எழுத வசதியா இருக்கும்."

சுதர்ஷினி அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

"வாங்கம்மா... லயத்து வீட்டுக்குப் போவோம்."

"இரு புள்ள."

நாகலெட்சுமி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். இருபத்திரண்டு வருஷம்! துரைமாருக்குப் பீங்கான் கோப்பையில் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, குசினிக்குள் தகரப் பேணியோடு நின்றே குடித்தவள்...

நேரே போனாள். துரையின் மெத்தை நாற்காலியில் உட்கார்ந்தாள்!

"இன்ஸ்பெக்டரய்யாகிட்ட ஒண்ணு கேக்கணுங்க. ரொம்ப வருஷமா தொண்டையில கெடக்குது."

"கேளும்மா."

"வெலங்கு மாட்டுறதுக்கு முன்னாடி... தொரைய எனக்கு ஒரு கோப்ப தேத்தண்ணி ஊத்திக் குடுக்கச் சொல்லுங்க. சீனி ரெண்டு கரண்டி!"